புல்லு பச்சை பிடிக்கிற வரைக்கும்

இல்லண்ணா, நீங்க இப்பக் கேட்டது கதை இல்ல. அது வெறும் ஆரம்பம். முழுசாக் கேட்டீங்கன்னா வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிப்பீங்க, சத்தியமா. சிரிக்கலன்னா இந்தப் புல்லுத்தரையில நான் தலைகீழா நடந்து காட்டுறேன். ஆனா இப்பவே சொல்ல மாட்டேன். அவசரத்துல சொன்னா அந்தக் கதைக்கு ருசி இல்ல. முதல்ல உக்காருங்க. அந்தக் கதிரை வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. கொழும்புல இருந்து விடிய முன்னயே வெளிக்கிட்டிருப்பீங்க, கடுகண்ணாவ ஏத்தத்துல பஸ்ஸு நின்னு நின்னுதானே... ஓ, காரா? கேட்டுக்கு வெளியவே நிப்பாட்டிட்டீங்களா? அதான் சத்தமே கேக்கல. சஞ்சயன் அண்ணா வாறீங்கன்னு ஒரு கோல் எடுத்திருந்தா நாங்க சோறாவது கூட ஆக்கியிருப்போமே.

அப்பாவா? பின்னாலதான் இருக்காரு. புல்லு வெட்டுற மெஷினக் கழட்டிப் போட்டு உக்காந்திருக்காரு. அய்யோ, நீங்க எழும்ப வேணாம். கையெல்லாம் கறுப்பு எண்ணெய், வேர்வை. அந்தக் கோலத்துல உங்க முன்னால வர மாட்டாரு, அவரத் தெரியும்தானே. இருங்க, நான் போய் சொல்லிட்டு டீ ஊத்திக்கிட்டு வாறேன். இந்தா, ஒரு நிமிஷம்.

— யாரு, சஞ்சயன் தம்பியா! உக்காருங்க தம்பி, உக்காருங்க! இந்தா கையக் கழுவிட்டு வந்துட்டேன்! புள்ள, தம்பிக்கு சீனி கம்மியாப் போடு!

கேட்டிச்சா அண்ணா? ராஜரத்தினம்னு பேரு வச்சதுக்குப் பதிலா ஒலிபெருக்கின்னு வச்சிருக்கலாம். எஸ்டேட்டுல வளர்ந்தவங்களுக்கு மெதுவாப் பேச வராது, இந்த மலையில இருந்து அந்த மலைக்குக் கூப்பிட்டுப் பழக்கம். இந்தாங்க, பிளேன்டீ. இஞ்சி போட்டிருக்கேன். ஊதிக் குடிங்க.

என்ன அண்ணா, புல்லையே பாக்குறீங்க? செத்துப் போச்சுன்னா? சாகல அண்ணா. மேல பாத்தா வைக்கோல் மாதிரித்தான் இருக்கு. குனிஞ்சு பாருங்க, விரலால கொஞ்சம் விலக்கிப் பாருங்க. அடியில குட்டிக் குட்டியா ஊசி மாதிரி பச்சை தெரியுதா? அதுதான் சமாச்சாரம். அது அருகம்புல்லு. அருகம்புல்லு லேசுல சாகாதுன்னு அப்பா சொன்னாரு. மேல கிடக்கிற காய்ஞ்ச சடையெல்லாம் எடுத்தாத்தான் அடியில வெயில் படும், வெயில் பட்டாத்தான் அது பக்கவாட்டுல ஓடும். இன்னும் கொஞ்ச நாள்தான். உங்க வீட்டுக் கஜாலினி அக்காட கல்யாணத்துக்கு முன்ன காப்பெட் மாதிரி ஆயிடும். நீங்க ஐயாகிட்ட அப்படியே சொல்லுங்க. அப்படித்தானே சொல்லுவீங்க?

சும்மா கேட்டேன். உங்கள ஐயா எதுக்கு அனுப்பியிருக்காருன்னு எங்களுக்குத் தெரியாதா என்ன. அந்த ஃபோன் வந்தப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். செஞ்சு காட்டட்டா? கோவிக்க மாட்டீங்களே? உங்க அப்பாதான், ஆனா எனக்கு நல்லா வரும். இப்படி மூக்குக்கண்ணாடிய இறக்கி வச்சுக்கிட்டுப் பேசுவாரு, பாருங்க.

— ராஜரத்தினம், நான் பாலேந்திரன் கதைக்கிறன். என்ன, வளவெல்லாம் காடாக் கிடக்காம்? பக்கத்து வீட்டுக்காரர் படம் அனுப்பினவர், பாத்தன். பிள்ளையின்ர கலியாணத்துக்கு அந்தப் புல்லிலதான் பந்தல் போடுறது. பழையபடி ஒட்ட வெட்டிக் கிடக்கோணும், விளங்கிச்சோ? உம்மால ஏலாதெண்டால் சொல்லும், ஒரு கொம்பனி ஆக்கள் இருக்கினம், அவையளிட்டக் குடுக்கிறன். பின் வீடும் அவையின்ர ஆக்களுக்குத்தான் தேவைப்படும். கோவிக்காதையும்.

சிரிக்கிறீங்க! அச்சு அப்படியேதானே? அந்தக் கோவிக்காதையும் இருக்கே, அத எத்தனை நாள் பழகினேன் தெரியுமா. ஏசினாக்கூடப் பரவாயில்ல அண்ணா. கோவிக்காதையும்னு சொன்னதும் அம்மா அடுப்புக்கு முன்னால உக்காந்துட்டாங்க. அடுப்புல பருப்பு பொங்கி ஊத்துது, எழும்பவே இல்ல. இந்தப் பின் வீட்ட விட்டா எங்களுக்கு வேற எங்க? எஸ்டேட்டுல இருந்த லயத்துக் காம்பராவ சித்தப்பாட ஆளுங்க எடுத்துக்கிட்டாங்க. மஹய்யாவுல மாமா வீட்ல ஏற்கனவே கட்டிலுக்கு மேலயும் ஆளு, கட்டிலுக்குக் கீழயும் ஆளு.

இல்ல, இல்ல, அழுற கதை சொல்ல வரல. சிரிப்புக் கதைதான் சொல்லப் போறேன். ஆனா அதுக்கு முன்ன புல்லுக் கதை தெரியணும், இல்லன்னா விளங்காது.

முதல்ல கோரை. அது புல்லு மாதிரியே நிக்கும், கள்ளன். மேலால புடுங்கினா அடுத்த கிழமை சிரிச்சிக்கிட்டு வரும். அடியில கிழங்கு இருக்கு, அதத் தோண்டி எடுக்கணும். அப்புறம் தொட்டாச்சிணுங்கி. தொட்டா வெக்கப்பட்டு சுருங்குதுன்னு சின்ன வயசுல கொஞ்சுவோமே, அதோட முள்ளு கையில ஏறினாத் தெரியும் அதுட வெக்கம். இங்க பாருங்க என் கைய. அம்மாவும் நானும் தண்ணி ஊத்தி ஊத்தி மண்ண இளக்கி ஒவ்வொண்ணா எடுத்தோம். அப்பாவும்தான். அப்பாவும் கூடத்தான் இருந்தாரு.

அப்புறம் வெட்டு. அங்கதான் பிழையாப் போச்சு. இந்த மெஷினுக்கு பக்கத்துல ஒரு பல்லுச் சட்டம் இருக்கும், அத ஏத்தி இறக்கித்தான் வெட்டுற உயரத்தை வைக்கிறது. வளர்ந்த புல்ல கொஞ்சம் கொஞ்சமா, ஒவ்வொரு பல்லா இறக்கிக்கிட்டு வரணும். நான் என்ன செஞ்சேன், ஒரேயடியா அடிப்பல்லுல போட்டு இழுத்தேன். அய்யோ அண்ணா, மெஷின் கத்தின கத்து! மண்ணு பறக்குது, கல்லு பறக்குது, ஒரு தவளை உயிருக்குத் தப்பி பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல. திரும்பிப் பாத்தா புல்லுத்தரை பழனிக்குப் போய் வந்த தலை மாதிரி நிக்குது. அம்மா வெளிய வந்து, அடிப்பாவி, மொட்டையடிச்சிட்டியேடின்னு...

நானா? நான்னா சொன்னேன்? நாங்கன்னு சொல்ல வந்தேன். அப்பா வெட்டினாரு, நான் சும்மா உதவிக்கு. அப்பாவே பிழை விட்டாரான்னா... வயசாகுதில்லையா அண்ணா, எல்லாருக்கும்தான் பிழை வரும். டீ ஆறுது, குடிங்க.

மெஷின்ட பிளேடு போச்சு. மடவளையில நஸீப் நானா கடைக்கு அதக் கொண்டு போகணும். அப்பா என்னத்தான் அனுப்பினாரு. நான் பேப்பர்ல சுத்தி, ஸ்கூல் பேக்குல வச்சு, கெமிஸ்ட்ரி புத்தகத்துக்கு நடுவுல சொருகிக்கிட்டு பஸ்ல ஏறிட்டேன். கண்டக்டர் பேக்கத் தூக்கி மேல வைக்கப் போனாரு. பேக்கு கிழிஞ்சு பிளேடு வெளிய எட்டிப் பாக்குது. பக்கத்துல இருந்த நோனா, ஒரு சிங்கள அம்மா, எழும்பி அடுத்த சீட்டுக்குப் போயிட்டாங்க. மடவளை வரைக்கும் எனக்குத் தனி சீட்டு, மகாராணி மாதிரி. நஸீப் நானா அதப் பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? தாடிய இப்படித் தடவிக்கிட்டு,

— யா அல்லாஹ், என்ன மகள் இது? புல்லு வெட்டினீங்களா, ரோட்டு வெட்டினீங்களா? பிளேடு பல்லு பல்லா ஈக்கிது. வாப்பாவ வரச் சொல்லுங்க, நான் பேசணும்.

வரச் சொல்லுறேன் நானான்னு சொல்லிட்டு வந்துட்டேன். நல்ல மனுசன், தீட்டிக் குடுத்து அனுப்பினாரு. கூரான பிளேடுன்னா புல்லு வெட்டுப்படும், மழுங்கினதுன்னா பிஞ்சு போகும். பிஞ்ச நுனி காஞ்சு வெள்ளையாகும். இப்ப அப்படி இல்ல, பாருங்க. பிறகு பசளை போட்டோம், ஆத்து மணல் கொண்டு வந்து பள்ளத்துக்கெல்லாம் தூவினோம். அம்மாட மாச்சல்லடையாலதான் மணல் சலிச்சது. இப்ப ரொட்டி சுட்டா நறநறங்குது, அப்பா ஒவ்வொரு வாய்க்கும் கண்ண மூடிக்கிறாரு.

எங்க அண்ணா போறீங்க? பின்னாலயா? இருங்க இருங்க, சிரிப்புக் கதை வரப் போகுது. இப்பப் போனீங்கன்னா நான் இவ்வளவு நேரம் சொன்னது வீண். உக்காருங்க. இந்தா, சொல்லியே சொல்லிடுறேன்.

மொட்டையடிச்ச இடத்துல நாலஞ்சு இடம் வெறும் மண்ணாப் போச்சு. அங்க புது அருகம்புல்லு நடணும்னு அப்பா... சொன்னாரு. எங்க போறது? நான் யோசிச்சேன். அருகம்புல்லு மூட்டை மூட்டையா எங்க இருக்கு? பிள்ளையார் கோயில்ல! சதுர்த்திக்கு அடுத்த நாள் போனேன். கழட்டின மாலையெல்லாம் ஒரு கூடையில மலை மாதிரி கிடக்கு. சாமி, நான் கொண்டு போய் ஆத்துல விடுறேன், உங்களுக்கு ஏன் சிரமம்னு கேட்டேன். குருக்கள் என்ன நல்ல பிள்ளைன்னு தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணி, ஒரு வாழைப்பழமும் குடுத்து அனுப்பினாரு. நான் நேரா குண்டசாலை பஸ்ஸுல ஏறி, இங்க வந்து, மாலைய அவுத்து, ஒவ்வொண்ணா நட்டேன். வரிசை வரிசையா, நாத்து நட்ட மாதிரி. தண்ணி ஊத்தினேன். கும்பிடவும் கும்பிட்டேன்.

ஒரு கிழமையில எல்லாம் காஞ்சு சருகாப் போச்சு. ஏன்? மாலைக்குக் கட்டுறது வெறும் நுனிதானே! கணு இல்ல, வேர் இல்ல. தலைமுடிய வெட்டி நட்டா ஆளு முளைக்குமா? அது கூடப் பரவாயில்ல. அம்மா கண்டுபிடிச்சிட்டாங்க. அடியே டிலானி, பிள்ளையார் கழுத்துல கிடந்தத, கல்யாணத்துக்கு வாறவங்க சப்பாத்துக் காலால மிதிக்கவாடி நட்டு வச்சிருக்கன்னு, கூட்டுற தும்புத்தடியோட என்னத் துரத்திக்கிட்டு இந்தத் தரையச் சுத்தி ஓடி... கடைசில ஒவ்வொண்ணாப் புடுங்கி, பையில போட்டு, ரெண்டு பேரும் போய் மகாவலியில விட்டுட்டு வந்தோம். பிறகு வேலியோரத்துல ஓடிக்கிடந்த கொடியையே கணுவோட வெட்டி நட்டோம். அது புடிச்சிருச்சு. அந்த மூலையப் பாருங்க, புடிச்சிருச்சுதானே.

சிரிக்கிறீங்க, பாத்தீங்களா! இல்லண்ணா, இதில்ல நான் சொன்ன சிரிப்பு. அது வேற. அது இதவிடப் பெருசு.

அம்மாவா? அம்மா அதுக்கப்புறம் சிரிக்கல. வெள்ளிக்கு வெள்ளி கோயிலுக்குப் போய் பிள்ளையார்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாறாங்க. ஏற்கனவே கோவமா இருக்கிற சாமிய இன்னும் கோவப்படுத்திட்டோமாம். ஏற்கனவே எதுக்குக் கோவம்னா... அது அம்மாட கணக்கு அண்ணா. அம்மா எதுக்கும் பயப்படுவாங்க. உங்க டிரைவர் ரவிகுமார் மாமா போனதுல இருந்தே அப்படித்தான். கண்ணு மங்கிப் போச்சுன்னதும் ஐயா எவ்வளவு மரியாதையா அனுப்பி வச்சாரு. மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எல்லாம் எடுத்து. கேக்கு முடியுறதுக்குள்ள அவரு இருந்த ரூமுக்குப் புது டிரைவர் வந்துட்டாரு. இல்ல, குத்தமாச் சொல்லல. ரூம் வேலைக்குத்தானே குடுக்கிறது. வேலை செய்யாட்டி ரூம் எதுக்கு? அது எங்களுக்கு விளங்கும். நல்லாவே விளங்கும்.

வேற யார செய்யட்டும்? உங்க அம்மாவ செய்யட்டா? பிள்ளை, ரோசாக் கண்டுக்குத் தண்ணி விட்டனியே? இல்லாட்டி எங்க பிரின்சிபல்? அவங்க சத்தத்துல ஒரு நாள் நான் கதவுக்குப் பின்னால நின்னு, கடைசிப் பாடம் இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்னு சொல்லி, ஒரு வகுப்பே ஸ்கூல் கேட் வரைக்கும் போயிருச்சு. உங்களையே செய்யட்டா? வந்ததுல இருந்து நீங்க பேசினதே ரெண்டு மூணு வார்த்தை, ஆனா புடிச்சிட்டேன். ஓம்... ஓம்... சரி, ரத்தினம் அண்ணை எங்க?

அப்பாவையா?

அப்பாவ செய்ய வராது அண்ணா. இல்ல, வெக்கம் எல்லாம் இல்ல. பெத்த அப்பாவ யாராவது நையாண்டி பண்ணுவாங்களா. உங்க அப்பாவ செஞ்சேன்தான். அது வேற. அது... சும்மா விடுங்க அண்ணா, தொண்டை கட்டியிருக்கு. இன்னொரு டீ ஊத்தட்டா? உள்ள போய்... சரி. போகல. நீங்க இங்கயே இருன்னு சொன்னா இருக்கேன். இந்தா, உக்காந்துட்டேன்.

கூப்பிட வேணாம் அண்ணா. அவரே வருவாரு.

அண்ணா, கத்த வேணாம்.

கேட்டிருக்காது. மெஷின் சத்தத்துல... ஆமா. மெஷின் ஓடலதான். கழட்டித்தான் கிடக்கு. நான்தான் சொன்னேன்.

இன்னொரு தரம் கூப்பிட்டாலும் பதில் வராது அண்ணா. நான் இங்கதானே உக்காந்திருக்கேன்.

என்ன அப்படிப் பாக்குறீங்க. ஆமா. நான்தான். சீனி கம்மியாப் போடுன்னதும் நான்தான். போன கிழமை ஃபோன்ல, மழை ஈரத்துல வெட்டக்கூடாது தம்பி, ரெண்டு நாள் போகட்டும்னு உங்களுக்குச் சொன்னதும் நான்தான். ஐயாவுக்கு சரிங்க ஐயா, சரிங்க ஐயான்னு சொன்னதெல்லாம் நான்தான். நீங்க எல்லாரும் நம்பினீங்க. அதத்தான் பெரிய சிரிப்புன்னு சொன்னேன். இப்பப் பாத்தா உங்களுக்கும் சிரிப்பு வரல, எனக்கும் வரல.

சித்திரை வருசத்துக்கு முன்ன விழுந்தாரு, மெஷினப் புடிச்சபடியே, அந்த ஜம்பு மரத்தடியில. வலது பக்கம் விளங்காமப் போச்சு. பெரியாஸ்பத்திரியில கொஞ்ச நாள் வச்சிருந்து அனுப்பிட்டாங்க. பேச்சு வரல. ரவிகுமார் மாமாவுக்கு வெட்டின கேக்க நாங்களும்தானே தின்னோம், அதான் யாருக்கும் சொல்லல. அதுக்குள்ள இங்க காடு ஏறிருச்சு. ஆனா அப்பா சொன்னாரு, அப்பா சொன்னாருன்னு நான் சொன்னது பொய் இல்ல அண்ணா. அவருதான் சொன்னாரு. கதிரையோட தூக்கிட்டு வந்து இந்த ஓரத்துல வச்சிருவோம், இடது கை விரலாலேயே சொல்லுவாரு. முதல் நாள் விரலக் கீழ கீழன்னு காட்டினாரு. மெதுவாப் போடின்னுதான் காட்டியிருக்காரு. நான் பிளேட இறக்கச் சொல்லுறாருன்னு அடிப்பல்லுல போட்டுட்டேன். அவரு அந்தக் கதிரையில இருந்து கத்த ஏலாம என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பாதிப் புல்லும் போன பிறகுதான் நான் திரும்பி அவரப் பாத்தேன்.

ஐயாகிட்ட சொல்லுறதுன்னா சொல்லுங்க. சொல்ல வேணாம்னு கேக்க எனக்கு வாய் வரல. புல்லு மட்டும் பிழைச்சிரும், அதையும் சேத்துச் சொல்லுங்க.

போய்ப் பாக்கப் போறீங்களா? பாருங்க. அவருக்குக் காது நல்லாக் கேக்கும், நீங்க வந்ததும் தெரியும். ஆனா கொஞ்சம் மெதுவா நடந்து போங்க அண்ணா. டீ ஊத்த நான் உள்ள ஓடினப்பவே அம்மா அவருக்கு வேலைச் சட்டையப் போட்டு, மெஷினுக்குப் பக்கத்துல உக்கார வைக்கத் தொடங்கிட்டாங்க. அந்த வலது கைய சட்டைக்குள்ள விடுறதுதான் கஷ்டம். இன்னும் பொத்தான் போட்டு முடிச்சிருக்க மாட்டாங்க.